மண்ணெண்ணெய்க் காரின் இரண்டு சத்தங்கள்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் போனது. துளிப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் கதை எங்கட வீடுகளில் இருக்கு. அவை போட்ட சத்தம்?

மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. பிளக்கின் தீ பரவி முடிய முதலே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். பாரம் இழுக்கேக்க கிணுகிணுவென்று தட்டும். இக்னிசனைக் கொஞ்சம் பிந்த வைத்தால் அடங்கும்.

எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்தால் பெயறிங் தேயும். அடியிலிருந்து கனத்த இடி கேக்கும். அதுக்கு எஞ்சினையே கழற்றவேணும்.

உதிரிப்பாகம் தட்டுப்பாடான காலத்தில் இரண்டையும் காதாலேயே பிரித்தறிந்த மெக்கானிக்மாரும் எங்கட போர்க்கால வரலாறுதான். அவர்களிட்டக் கேட்டு எழுதிவைப்பம்.