வத்தன் மானியமும் மகர் மக்களும்

டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வரலாற்றை நம் இளைஞர்கள் பெரும்பாலும் அவர் பிறரோடு நடத்திய போராட்டங்களின் வரலாறாகவே படிக்கின்றனர். மகத் குளம், நாசிக் காலாராம் கோயில், வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம் என்று வரிசை தவறாமல் ஒப்பிப்பர். ஆனால் அப்பெருமகனார் தம் சொந்த மக்களோடேயே நடத்த நேர்ந்த வழக்கு ஒன்றும் உண்டு. 1927ஆம் ஆண்டில் அது வெளிப்படையாகத் தொடங்கிற்று. அவர் மறைந்த பின்னர் 1958இல்தான் முடிவுற்றது. வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் மலரில் அவ்வரலாற்றையே எழுத விழைகின்றோம். சங்கம் நடத்துவோர்க்கு எதிரியின் தொல்லையைக் காட்டிலும் உடனிருப்போரின் தயக்கமே பெருஞ்சுமை என்பதைச் செயற்குழுவில் இருந்தவர்கள் நன்கறிவர்.

மராட்டியக் கிராமங்களில் மகர் என்போர் பரம்பரை ஊர் ஊழியர். ஊரெல்லை காத்தல், அரசாங்கக் கடிதங்களைச் சுமந்து செல்லுதல், வரிப்பணத்தைத் தாலுகா கச்சேரிக்குக் கொண்டு சேர்த்தல், முகாம் வரும் அதிகாரிகளுக்கு ஏவல் செய்தல், சாவுச் செய்தி சொல்லுதல், செத்த மாட்டை அப்புறப்படுத்துதல் ஆகிய அனைத்தும் அவர்கள் தலையில் விழுந்தன. இதற்கு நேரம் காலம் கிடையாது. குடும்பத் தலைவன் வீட்டில் இல்லையெனில் வேறு எவரேனும் போயாக வேண்டும். இவ்வூழியத்துக்கு ஈடாக வத்தன் என்னும் மானிய நிலமும், அறுவடையின்போது பலூத்தா என்னும் தானியப் பங்கும், அரசாங்கத்திடமிருந்து அற்பச் சம்பளமும் உண்டு. செத்த மாட்டின் தோலும் இறைச்சியும் தனி வரும்படி. 1874ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரம்பரை உத்தியோகச் சட்டம் இவ்வேற்பாட்டுக்கு முத்திரையிட்டு வைத்தது. நம் பக்கத்து வெட்டியான் மானியத்தையும் களத்துமேட்டில் அளக்கும் சுதந்திரத்தையும் கண்டவர்க்கு இது புதிய செய்தியன்று.

1927 மார்ச் 19ஆம் நாள் கொலாபா மாவட்டம் மகத் நகரில் மாநாடு கூடிற்று. மறுநாள் சௌதார் குளத்து நீரை அள்ளிப் பருகியதையே நாம் நினைவில் வைத்திருக்கின்றோம். முதல் நாளில் பாபாசாகேப் தம் மக்களிடம் கேட்டவற்றை மறந்துவிட்டோம். செத்த மாட்டின் இறைச்சியை உண்ணாதீர், எச்சில் சோற்றுக்குக் கை நீட்டாதீர், ஊர் ஊழியத்தை நம்பி வாழாமல் கல்வியையும் உழவையும் நாடுங்கள் என்பதே அன்றைய அவரது வேண்டுகோள். குளத்து நீரைப் பருகத் துணிவு ஒரு நாளைக்கு இருந்தால் போதும். இதற்கோ ஒவ்வொரு நாளும் துணிவு வேண்டும்!

முதியோர் தயங்கினர். அத்தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. நாம் சிறுவராயிருந்தபோது நமது சேரியில் நடந்த கூட்டம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. இனி ஊரார் வீட்டுச் சாவுக்குப் பறையடிப்பதில்லை என்று இளைஞர்கள் தீர்மானம் கொண்டுவந்தனர். முதியவர் ஒருவர் எழுந்து, “தை மாசம் களத்துல நெல்லு யாருடா அளப்பா? நீ அளப்பியா?” என்று கேட்டார். கூட்டம் வாயடைத்துப் போயிற்று. அன்று அவரை அடிமைப் புத்தி உள்ளவர் என்று ஏசியவர்களுள் நாமும் ஒருவர். தீர்மானம் நிறைவேறிய அவ்வாண்டில் களத்து நெல் நின்றது. நம் தெருவில் அடுப்பெரியாத வீடுகள் இருந்தன. பெரியவர் பேசியது கணக்கு என்பது அப்போதுதான் புரிந்தது.

பாபாசாகேப் அந்தக் கணக்கைப் புறக்கணிக்கவில்லை. மகத் மாநாட்டுக்கு முன்னரே, 1924 ஜூலையில், பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். 1925இல் சோலாப்பூரில் அச்சபையின் மாணவர் விடுதி திறக்கப்பட்டது. பழைய கிளையை விடு என்று சொல்லுமுன் பற்றிக்கொள்ள வேறொரு கிளையைக் காட்டும் முயற்சி அது. சிறிய முயற்சிதான், விடுதியில் தங்கிய சில மாணவர்களால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பசி தீர்ந்துவிடாது. ஆயினும் பிள்ளை படித்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாற் காண அவ்வழி உதவிற்று.

1927 ஏப்ரலில் ‘பகிஷ்கிருத பாரத்’ இதழைத் தொடங்கி வத்தன் பற்றி விரிவாக எழுதினார். மாட்டைத் தூக்குவதை விட்டால் ஆண்டுக்கு இத்தனை ரூபாய் நட்டம் என்று, நம்மவர் மீது பரிவு கொண்டவர்போல் மாற்றார் கணக்குப் போட்டு ‘கேசரி’ இதழில் எழுதியதை அவர் மறக்கவே இல்லை. 1956 அக்டோபர் 15ஆம் நாள் நாகபுரியில் பேசியபோதும் அதை நினைவுகூர்ந்தார். அவ்வளவு இலாபமான தொழிலாயின் அதனை அவர்களே ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் விடை. சிரிப்பை மூட்டும் விடைதான். ஆனால் வரும்படியோடு கூடவே வரும் இழிவுக்கு என்ன விலை என்ற கேள்வி அதனுள் இருந்தது.

1927 டிசம்பரில் மகத் நகரில் மீண்டும் மாநாடு கூடியபோது பெண்களிடம் தனியே பேசினார். சாதியைக் காட்டிக் கொடுக்கும் சேலைக் கட்டையும் கனத்த அணிகளையும் விடுங்கள். செத்த மாட்டிறைச்சியை வீட்டில் சமைக்காதீர். பெண்மக்களையும் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றார். உடனே பலர் சேலைக் கட்டை மாற்றிக்கொண்டனர். ஆடவர் கூடிக் கூடிப் பேசியதைப் பெண்டிர் செய்து காட்டினர் என்றே சொல்ல வேண்டும். அடுப்பங்கரையில் நுழையாத இறைச்சியை வாசலில் நின்று யார்தான் விவாதிப்பார்?

அதே மாநாட்டில் வேறொரு வகைத் தடையும் எழுந்தது. குளத்தை நெருங்கலாகாது என்று நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்திருந்தது. தடையை மீறுவோம் என்று பிரதிநிதிகள் கொதித்தெழுந்தனர். மார்ச்சு மாதத்தில் தடியடி பட்டவர்கள் அவர்கள், கொதிப்பில் வியப்பில்லை. அரசாங்கத்தையும் சாதி இந்துக்களையும் ஒருசேர எதிரியாக்கிக் கொள்ளலாகாது, வழக்கில் வெல்வோம் என்று பாபாசாகேப் எடுத்துரைத்து அவர்களை இணங்கச் செய்தார். டிசம்பர் 27இல் ஊர்வலமாகக் குளத்தைச் சுற்றி வந்து, நீரைத் தொடாமல் திரும்பினர். 1937 மார்ச் 17இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. தயங்குவோரை முன்னே தள்ளிய அதே கை, பாய்வோரைப் பிடித்தும் நிறுத்தியது. பின்னதே அரிது என்பது நமது எண்ணம்.

1928 மார்ச் 19ஆம் நாள் பம்பாய்ச் சட்டசபையில் வத்தன் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். அதன் நுட்பத்தை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். எல்லாரும் ஊழியத்தை விட்டாக வேண்டும் என்று அவர் கட்டளையிடவில்லை. விரும்பி விண்ணப்பித்தோர் முழுத் தீர்வை கட்டி நிலத்தைத் தமதாக்கிக்கொண்டு ஊழியத்திலிருந்து விடுபடலாம். பலூத்தாவைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். நிலம் போய்விடுமே என்று அஞ்சியவர்க்கு நிலம் நிற்கும் என்ற உறுதி அதில் இருந்தது. எனினும் சபையில் எதிர்ப்பு வலுத்தது. 1929இல் மசோதாவை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஆனால் கிராமங்களில் மகர் மக்கள் ஊழியம் மறுக்கத் தொடங்கிவிட்டனர். அதற்காகப் பல ஊர்களில் அடியும் விலக்கும் பட்டனர். பம்பாய் ஆலைகளையும் ரயில்வே வேலையையும் நாடிச் சென்ற குடும்பங்கள் பல. முதலில் தயங்கியோரின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். 1956 டிசம்பர் 6ஆம் நாள் பாபாசாகேப் மறைந்தார். 1958இல் பம்பாய் மாநிலச் சட்டமன்றம் கீழ்நிலைக் கிராம வத்தன்களை ஒழிக்கும் சட்டத்தை இயற்றிற்று. ஊழியக் கடமை அறவே நீங்கியது. உரிய தொகை செலுத்தியோர்க்கு நிலம் அவர்கள் கையிலேயே திரும்ப வழங்கப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு முன் அவர் கேட்டதும் ஏறத்தாழ இதுவே.