குன்றில் கிடைத்த தோள்வளை

நம் கோயில்களில் உற்சவமூர்த்தியின் திருவாசி உச்சியில், விழிகள் பிதுங்க, கோரைப்பற்கள் தெரிய, சிங்கமுகம் ஒன்று அமைந்திருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அதற்குக் கீர்த்திமுகம் என்று பெயர். பசி தாளாமல் சிவபெருமான் ஆணைப்படி தன் உடலையே தின்று, முகம் மட்டும் எஞ்சி நின்ற பூதமே அது என்பது புராணக் கதை. அத்தகையதொரு முகத்தை, ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் யாரோ ஒருவர் தம் தோளில் அணிந்திருந்தார் என்பதைப் பலர் அறியார்.

1928ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கெனிங் கோட்டைக் குன்றில் நீர்த்தேக்கம் கட்டுவதற்காக மண் அகழ்ந்த தொழிலாளர்கள் பொன்னணிகள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். வைரக்கற்கள் பதித்த வளையங்களும், அன்னம் போன்ற பறவை பொறித்த மோதிரமும் அவற்றுள் இருந்தன. எனினும் கண்ணைக் கவர்வது தோள்வளையே. பொற்றகட்டைப் பின்புறமிருந்து தட்டித் தட்டி முகத்தைப் புடைத்தெழச் செய்திருக்கிறான் பொற்கொல்லன். தோளின் பருமனுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் பொற்சங்கிலி அதனோடு இணைந்துள்ளது. வின்ஸ்டெட் என்னும் ஆங்கிலேய அறிஞர் அதே ஆண்டில் இவ்வணிகலன்களைப் பற்றி எழுதினார்.

இம்முகத்தைச் சாவகத்தார் 'காலா' என்பர். போரோபுதூர் முதலிய அந்நாட்டு ஆலயங்களின் வாயில்களுக்கு மேல் இது காவலாக வீற்றிருக்கிறது. அணிகளின் வேலைப்பாடு, 14ஆம் நூற்றாண்டின் மஜாபாகித் காலத்துக் கிழக்குச் சாவகப் பாணியைச் சேர்ந்தது. 1365இல் பிரபஞ்சர் என்னும் புலவர் இயற்றிய நாகரகிருதாகமம், மஜாபாகித்துக்கு உட்பட்ட இடங்களின் வரிசையில் 'துமாசிக்' என்று சிங்கப்பூரைக் குறிக்கிறது. ஆயினும் தோள்வளை ஒன்றைக் கொண்டே சாவக மன்னன் இங்கு ஆண்டான் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. வணிகத்தில் வந்திருக்கலாம், திருமணச் சீராகவும் வந்திருக்கலாம்.

அக்குன்றை மலாய் மக்கள் 'புக்கிட் லாராங்கான்', அதாவது தடைசெய்யப்பட்ட குன்று என்றனர். முன்னாள் அரசர்கள் அங்கு வாழ்ந்தனர் என்ற அச்சத்தால் எவரும் ஏறுவதில்லை. 1822இல் ஜான் கிராஃபர்ட் அங்கே செங்கல் அடித்தளங்களைப் பார்த்துக் குறித்து வைத்தார். 1859இல் கோட்டை கட்டத் தொடங்கியபோது குன்றின் உச்சி சமப்படுத்தப்பட்டது. அப்போது அழிந்தவை எத்தனையோ! 1984இல் பேராசிரியர் ஜான் மிக்சிக் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடிப் பொருள்களும் வெளிப்பட்டன. 1819இல் ராஃபிள்ஸ் வந்த பின்னரே இத்தீவுக்கு வரலாறு உண்டு என்று பள்ளியில் படித்த நம் தலைமுறைக்கு, வாய்மொழி மரபை மண்ணே மெய்ப்பித்த செய்தி இது.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அப்பொன்னணிகளுள் சில காணாமற் போயின. தோள்வளை தப்பியது. எஞ்சியவை சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் தொகுப்பில் உள்ளன. அவ்வரும்பொருளகம் நிற்பதும் அதே குன்றின் அடிவாரத்தில்தான்.