விதியா, வழக்கமா?

"பி.காம். படித்த பையன்கூட கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விடுகிறான். டாக்டர் வேலைக்கு அப்படிப் போக முடியுமா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முடியாதுதான், அது உயிர் விஷயம். "வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், இதற்கு ஒரு கம்ப்யூட்டர் போதும், அதனால்தான் எளிது" என்பார்கள். அதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

கணிதத்துக்குக் காகிதமும் பென்சிலும் போதுமே! பாரிஸில் 1794-ல் எகோல் பொலித்தெக்னிக் தொடங்கியபோது சோஃபி ஜெர்மேனுக்கு வயது 18. பெண் என்பதால் அங்கே இடமில்லை. பாடக் குறிப்புகளை எப்படியோ பெற்றுப் படித்தார். 'மெசியே லெபிளான்' என்று ஆண் பெயர் வைத்துக்கொண்டு பேராசிரியர் லாக்ராஞ்சுக்கு எழுதினார். உண்மை தெரிந்த பிறகும் லாக்ராஞ்சு அவரை ஆதரித்தார். 1816-ல் பாரிஸ் அறிவியல் அகாதெமியின் பரிசும் சோஃபிக்குக் கிடைத்தது. ஆனால் எகோல் பொலித்தெக்னிக் பெண்களைச் சேர்த்தது 1972-ல்தான். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அந்தப் பெயர் கோயில் கோபுரம் மாதிரி. அதன் வாசல் பெண்களுக்குத் திறந்தபோது நான் சர்க்கார் வேலைக்கே வந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் கதை வேறு. 1960-களில் அது ஓர் அறையையே அடைக்கும் இயந்திரம். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள், நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல எந்த மாணவனும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வழி செய்தார்கள். வரலாறு, இலக்கியம் படிப்பவனுக்கும் புரியும்படி 'பேசிக்' என்ற எளிய கணினி மொழியை உருவாக்கினார்கள். 1964 மே 1, விடியற்காலை 4 மணிக்கு அது முதன்முதலில் ஓடியது.

மலிவான காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு துறை கதவைச் சாத்தியது. விலை உயர்ந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு இன்னொன்று திறந்தது. காரணம் கருவி அல்ல, உள்ளே இருந்தவர்களின் மனசு.

இதிலும் ஒன்றை மறைக்கக் கூடாது. 'எந்த மாணவனும்' என்றேன் அல்லவா? டார்ட்மத் அன்று ஆண்கள் கல்லூரி. அங்கேயும் பெண்கள் சேர்ந்தது அதே 1972-ல்தான். அப்போது கல்லூரித் தலைவர் அதே கெமெனி!

ஆயுள் முழுக்க ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன்: 'விதியில் இடமில்லை' என்பது வேறு, 'வழக்கமில்லை' என்பது வேறு. உங்கள் பேத்தியிடம் "இந்தப் படிப்பு உனக்கு வேண்டாம்" என்று யாராவது சொன்னால், இரண்டில் எது என்று முதலில் கேளுங்கள்.