மண் பாக்டீரியாக்களில் ஒளிர்குறி மரபணுக்கள்

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மரபணு கைமாறுவதைக் கண்டறிய அடையாளமாகப் பொருத்தப்படும், ஒளி தரும் புரதங்களுக்குரிய மரபணுக்களே ஒளிர்குறி மரபணுக்கள்.

பாக்டீரியா தாய்ச்செல்லிடமிருந்து மட்டும் மரபணுக்களைப் பெறுவதில்லை. உறவே இல்லாத அண்டை இனத்திடமிருந்தும் பெறும். இதற்கான முக்கிய வழியான இணைவை ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டேட்டமும் 1946இல் ஈ. கோலையில் கண்டறிந்தனர். இரு செல்கள் ஒட்டிக்கொள்ளும்போது பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தின் ஓர் இழை அடுத்த செல்லுக்குள் நுழைகிறது. இரு பக்கமும் எதிர் இழையைக் கட்டிக்கொள்வதால் கொடுத்த செல்லுக்கு இழப்பு எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக் எதிர்ப்பும், எண்ணெய்க் கழிவைச் சிதைக்கும் திறனும் இவ்வழியே பரவுகின்றன.

முன்பு இதை அறிய மண்ணைக் கரைத்து, ஆன்டிபயாடிக் கலந்த அகார் தட்டில் பரப்பி, முளைத்த கூட்டங்களை எண்ணினார்கள். மண் பாக்டீரியாக்களில் மிகச் சிறு பங்கே தட்டில் வளரும். போதாக்குறைக்கு, கொடுத்ததும் வாங்கியதும் தட்டின் மேலேயே சந்தித்து இணைந்திருக்கவும் கூடும். அப்படியானால் எண்ணியது மண்ணில் நடந்ததை அல்ல.

ஒளிக்கான முதல் கருவி கடலிலிருந்து வந்தது. விப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பாக்டீரியாவின் லக்ஸ் மரபணுக்கள் 1983இல் ஈ. கோலைக்குள் செலுத்தப்பட்டன. லூசிஃபெரேஸ் நொதி, ஆக்சிஜனைக் கொண்டு ஒரு நீள்சங்கிலி ஆல்டிஹைடை ஆக்சிஜனேற்றி, ஏறத்தாழ 490 நானோமீட்டரில் நீலப்பச்சை ஒளி தருகிறது. மண் தானாக இப்படி மிளிர்வதில்லை என்பதால் சிறு ஒளியும் கருவியில் தெளிவாகப் பதியும். ஆனால் இந்த ஒளிக்குச் செல்லின் ஆற்றல் செலவாகிறது. மண்ணிலோ பெரும்பாலான செல்கள் அரைப்பட்டினியில் கிடப்பவை. எனவே லக்ஸ் செல்லின் நிலையைச் சொல்வதில் கெட்டி. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1996இல் மண்ணில் விடப்பட்ட சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் எச்கே44 இதற்கு உதாரணம். நாஃப்தலீனைச் சிதைக்கும்போது ஒளிர்வதற்காக வடிவமைக்கப்பட்ட பாக்டீரியா அது. மரபணு யாரிடம் போனது என்பதை அதன் ஒளி சொல்லாது.

அந்தக் கேள்விக்குக் கைகொடுத்தது ஒசாமு ஷிமோமுரா 1962இல் ஒரு ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதம். 1994இல் மார்ட்டின் சால்ஃபி குழு அதன் மரபணுவை ஈ. கோலையிலும் ஒரு புழுவிலும் இயங்கவைத்தது. நீல ஒளி பட்டால் போதும், பச்சையாக மிளிரும், எரிபொருள் தேவையில்லை.

ஆனால் பிளாஸ்மிட்டில் இந்த மரபணுவை வைத்தால் கொடுக்கும் செல்லும் ஒளிருமே? முறையின் நுட்பமெல்லாம் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதத்தில்தான் இருக்கிறது. ஒளிர் மரபணுவை லாக் ஓபரான் என்ற மரபணுத் தொகுப்பின் கட்டுப்பாட்டில் வைத்து, அதை அடக்கும் புரதத்தின் மரபணுவைக் கொடையாளியின் குரோமோசோமில் பதித்துவிடுகிறார்கள். பிளாஸ்மிட் பயணம் போகும், குரோமோசோம் வீட்டிலேயே இருக்கும். கொடையாளி இருளில் கிடக்க, வாங்கிய செல்லில் அடக்கி இல்லாததால் விளக்கு எரிகிறது. ஆக, ஒளி காட்டுவது பாக்டீரியா இருப்பதை அல்ல, பரிமாற்றம் நிகழ்ந்ததை. இயல்பிலேயே அந்த அடக்கியைக் கொண்ட ஈ. கோலை போன்ற இனங்கள் வாங்கினாலும் இருட்டாகவே இருக்கக்கூடும் என்பது இதிலுள்ள ஓட்டை.

டென்மார்க் ஆய்வாளர்கள் இதைச் சமூக அளவுக்குக் கொண்டுபோனார்கள். கொடையாளிக்குச் சிவப்பு, பிளாஸ்மிட்டுக்குப் பச்சை. பச்சையாக மட்டும் ஒளிரும் செல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவியில் சலித்தெடுத்து, டிஎன்ஏ வரிசையால் இனம் காண்பது. 2015இல் வெளியான ஆய்வில், ஆர்பி4 உள்ளிட்ட பிளாஸ்மிட்களை வாங்கியவை 11 தொகுதிகளைச் சேர்ந்தவை; கிராம்-பாசிட்டிவ் இனங்களும் அவற்றில் இருந்தன. அங்கே செல்கள் மண்ணிலிருந்து பிரிக்கப்பட்டு வடிதாளின் மேல் சந்திக்கவைக்கப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. நிலத்தில், வேரடியும் மண்புழுவின் குடலும் போன்ற, ஈரமும் உணவும் செல் நெருக்கமும் கூடிய இடங்களில்தான் பரிமாற்றம் மிகுதி. அங்கே வேரும் மட்குப் பொருளும் தாமே ஒளிர்ந்து நுண்ணோக்கியைக் குழப்புகின்றன.

நீர் தேங்கிய நெல்வயல் சேற்றில் சிக்கல் வேறு. பச்சைப் புரதம் முதிர ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாத இடத்தில் பிளாஸ்மிட் வந்து சேர்ந்தாலும் விளக்கு எரியாது. ஆக்சிஜன் தேவைப்படாத ஃபிளேவின் ஒளிர் புரதங்கள் 2007இல் உருவாக்கப்பட்டன. அவற்றின் மூலம் கடல் அல்ல, பேசில்லஸ் சப்டிலிஸ், சூடோமோனாஸ் புட்டிடா ஆகிய மண் பாக்டீரியாக்களின் ஒளியுணர் புரதங்கள்.