நீலகிரியில் சமயமும் சமூக எல்லைகளும்

நீலகிரி மலைவாழ் சமூகங்களில் யார் யாரோடு உண்பது, மணம் முடிப்பது, எந்தச் சடங்கை யார் செய்வது என்பவற்றைப் பல தலைமுறைகளாக வகுத்து வந்தது சமயமே. அவ்வரம்புகளைக் கடக்க உரிய தருணங்களையும் அதுவே ஏற்படுத்தியது. குந்தா வட்டத்துப் பேரூராட்சியான பிக்கட்டியும் சுற்றியுள்ள ஹட்டிகளும் (படகர் ஊர்களும்), இச்சமூகங்களுள் ஒன்றான படகரின் நான்கு சீமைகளுள் (வட்டாரங்களுள்) ஒன்றான குந்தைச் சீமையைச் சேர்ந்தவை.

வரம்புகள்

படகருள் உடையர் லிங்கம் அணியும் வீரசைவர், புலால் உண்ணாதவர், தமக்குள்ளேயே மணவுறவு கொள்பவர். ஊருக்குச் செய்தி சொல்லும் பணியிலிருந்த தொரையர் படிநிலையில் தாழ வைக்கப்பட்டனர். எருமை இறைச்சி உண்ட அண்டைச் சமூகமான கோத்தரைப் படகர் தீட்டுக்குரியோராகக் கருதினர்.

உடன்பாடுகள்

ஆயினும் முன்னாளில் கோத்தரின் கொம்பும் குழலும் பறையும் ஒலிக்காமல் படகர் வீட்டுச் சாவு நடந்ததில்லை. கோத்தர் இரும்புக் கருவிகளும் மட்பாண்டங்களும் தந்தனர். பதிலுக்குப் படகர் தானியம் அளந்தனர். மந்திர ஆற்றல் உடையவராக அஞ்சப்பட்ட மற்றொரு மலைச் சமூகமான குறும்பருள் ஒருவரே முதல் விதையைத் தூவ அழைக்கப்பட்டார். படகர் சாவுச் சடங்கில் மூத்தவர் ஒருவர் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, கூடியிருப்போர் அதைப் பாவமென ஆமோதிப்பர். பாவங்கள் கன்று ஒன்றின்மேல் ஏற்றப்பட்டு அது அவிழ்த்து விடப்பட்டது. பின்னர் அதை எவரும் வேலைக்குப் பழக்கியதில்லை என 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன.

எதிர்ப்புகள்

கிறித்தவ அமைப்பான பாசல் மிஷன் 1846இல் நீலகிரியின் கேத்தியில் பணி தொடங்கியது. 1858இல் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றார். சாதி வரம்பை ஏற்காத அச்சமயத்தில் சேர்ந்தவர்களும் காலப்போக்கில் தமக்குள் மணம் முடிக்கும் தனிப் பிரிவாயினர். 1930களில் படகச் சீர்திருத்தவாதிகள் கோத்தர் இசையைப் பிற்போக்கின் அடையாளமெனக் கருதி விலக்க முற்பட்டபோது, பழமையை விடாதோருடன் கடும் பிணக்கு மூண்டது. கோத்தருள்ளும் சுள்ளி என்ற ஆசிரியர் குடுமியை வெட்டி ஊர் வழக்கத்தை எதிர்த்தார். இசை விலகியதால் தீட்டு அகன்றுவிடவில்லை. இரு சமூகமும் முகம் பார்த்து நின்ற சடங்குக் களமே சுருங்கியது.

இன்று

டிசம்பர், ஜனவரியில் பேரகணியில் நடைபெறும் ஹெத்தையம்மன் விழாவுக்கு நான்கு சீமைப் படகரும் வெண்ணிற உடையில் திரள்கின்றனர். பிரிவுகளைத் தாண்டிய பொது மூதாய் என்ற நம்பிக்கை அவர்களைச் சேர்க்கிறது. அதே விழா, தேயிலைத் தோட்டத் தமிழரிடமிருந்தும் பிற குடியேறிகளிடமிருந்தும் படகரை வேறுபடுத்திக் காட்டும் அடையாளமாகவும் விளங்குகிறது.