பருவம் பார்த்து மலையேறல்: தென்காசி, குற்றால மலைகளில் ஆயத்தத்தின் வரலாறு

மலையேறத் தயாராவது என்றால் இன்று உடற்பயிற்சிதான் உடனே நினைவுக்கு வருகிறது. முழங்காலுக்கு வலு, மூச்சுக்குப் பழக்கம், நல்ல காலணி, முதுகுப்பை என்று பட்டியல் நீள்கிறது. தென்காசி வட்டாரத்துச் சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றே இங்கு நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது தெரிகிறது. எந்த மாதத்தில் எந்த மலைக்குப் போகலாம், எந்த ஓடையை எந்த வேளைக்குள் தாண்டிவிட வேண்டும் என்ற பருவ அறிவு அது. கடந்த இருநூறு ஆண்டுகளில் உடலைப் பழக்கும் முறைகள் பெருகியிருக்கின்றன. பருவத்தைப் படிக்கும் பழக்கமோ ஏறுகிறவரின் கையிலிருந்து நழுவி, அலுவலக உத்தரவாக மாறியிருக்கிறது. இந்த மாற்றம் எந்தெந்தக் கட்டங்களில் நிகழ்ந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

நில அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடிய சுவர் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் தாழ்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியே நுழைந்து தென்காசி, குற்றாலம், பண்பொழி, மேக்கரை வரை தூறலாய்ச் சிதறுகிறது. ஆனி முதல் ஆவணி வரை நீளும் இந்தச் சாரல் காலத்தில் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். ஈரக் காட்டில் அட்டை நிறைந்திருக்கும். மேலே காற்று ஓயாது. ஐப்பசி, கார்த்திகையில் வருவது வேறு மழை. கிழக்கிலிருந்து வரும் அது சில மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்க்கும், ஓடைகளைக் காட்டாறாக்கும். மாசிக்குப் பின் புல் காய்ந்து, பங்குனி, சித்திரையில் மலைச்சரிவு தீப்பிடிக்கக் காத்திருக்கும். தெற்கே 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கும் அகத்தியர்கூடம் என்ற பொதிகை முடி இரு பருவமழையையும் வாங்கும் இடம். ஆக, ஆண்டு முழுவதற்கும் பொதுவான ஒரே ஆயத்தம் இந்த மலைகளில் இருந்திருக்க வழியில்லை.

இந்த அறிவின் முதல் உடைமையாளர்கள் மலைவாழ் மக்கள். பொதிகைப் பக்கத்தில் காணிக்காரரும், வாசுதேவநல்லூர் மலையடிவாரத்தில் பளியரும் தேன், கிழங்கு, மருந்துச் செடி ஆகியவற்றின் காலத்தை வைத்தே மலையில் நடமாடினார்கள். பயிற்சி என்று அவர்கள் தனியாக எதையும் செய்யவில்லை. வாழ்க்கையே ஏற்ற இறக்கமாக இருந்தது. திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி மலைவளம் கூறும் பகுதியை இலக்கிய அழகுக்காகவே படித்து வருகிறோம். மலைத் தொழில்களை அறிந்த ஒருத்தியின் வாய்மொழியாக அது அமைக்கப்பட்டிருப்பதை வரலாற்றுச் சான்றாகவும் கொள்ளலாம் என்பது என் கருத்து. மலையை அறிந்தவர் யார் என்பதில் அக்காலக் குற்றாலத்துக்குக் குழப்பம் இருக்கவில்லை.

அடுத்த கட்டம் அளப்பவர்களுடையது. 1802இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவைப் பணி தெற்கே வந்தபோது மலைமுடிகள் அளவைப் புள்ளிகளாயின. அளப்பவர்களுக்குத் தெளிவான வானம் வேண்டும். கருவிகளையும் தூக்கிச் செல்ல வேண்டும். அதனால் ஆயத்தம் என்ற சொல்லுக்குள் ஆள் திரட்டல், வழி வெட்டல், உணவு சேர்த்தல் எல்லாம் நுழைந்தன.

இதன் உச்சம் ஜான் ஆலன் பிரவுனின் முயற்சி. திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்துக்கு 1852இல் இயக்குநராக வந்த அந்த ஸ்காட்லாந்துக்காரர், 1855இல் அகத்தியர் மலை மேல் ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். காந்தப்புல மாற்றங்களையும் வானிலையையும் கீழே திருவனந்தபுரத்திலும் மேலே மலையிலும் பதிந்து ஒப்பிடுவது அவர் நோக்கம். நம் ஆய்வுக்கு இதில் ஒரு முக்கியத்துவம் உண்டு. அதுவரை மலைக்குப் போனவர்கள் நல்ல காலம் பார்த்துப் போய்த் திரும்பினார்கள்; பிரவுனின் திட்டத்துக்கோ மழையும் காற்றும் மூடிய மாதங்களிலும் ஆட்கள் மேலே இருக்க வேண்டியிருந்தது. எல்லாப் பருவத்துக்கும் ஆயத்தமாதல் என்ற எண்ணம் இம்மலைத் தொடரில் எழுந்தது அப்போதுதான் எனலாம். இத்தனை பெரிய முயற்சி தமிழில் இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது வருத்தம் தருகிறது.

இனி வருவது இவ்வட்டாரத்து மக்கள் மிகப் பரவலாக மேற்கொண்ட மலையேற்றப் பயிற்சி. அதை யாரும் பயிற்சி என்று அழைப்பதில்லை: ஐயப்ப விரதம். சபரிமலைக்கும் அச்சன்கோவிலுக்கும் தமிழகத்திலிருந்து போகும் பழைய வாசல்களுள் செங்கோட்டை ஒன்று. 1904இல் கொல்லம், செங்கோட்டை இரயில் பாதை திறந்தபின் கணவாயைக் கடப்பது எளிதாயிற்று. 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பிறகு, நீதிக்கட்சித் தலைவர் பி. டி. ராஜனும் நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கமும் முன்னின்று செய்வித்த ஐம்பொன் திருமேனி தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. 1951இல் அது நிறுவப்பட்டது. அதன் பின்னரே மாலை போடும் வழக்கம் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பரவியது. கார்த்திகை, மார்கழியில் குற்றாலத்தில் கறுப்பு வேட்டிக் கூட்டம் நிறையும் ‘ஐயப்ப சீசன்’ அதன் விளைவு.

நாற்பத்தொரு நாள் மண்டல விரதத்தை உடலியல் கண்ணோடு பார்ப்பது அதன் பக்தியைக் குறைப்பதாகாது. கார்த்திகை முதல் நாள் மாலை போட்டவர் அன்றிலிருந்து செருப்பை விடுகிறார்; ஆறு வாரத்தில் உள்ளங்கால் தோல் தடிக்கிறது, கல்லும் முள்ளும் பழகுகின்றன. விடியுமுன் குளிர்ந்த நீரில் குளிப்பதால் மலையின் அதிகாலைக் குளிர் அதிர்ச்சி தருவதில்லை. மதுவும் புகையும் நிற்கின்றன. மூச்சுக்கு இதைவிட நல்ல ஆயத்தம் இல்லை. உணவு எளிதாகிறது, பாயில் படுக்கை. கூடவே குருசாமி என்ற வழிநடத்துநர் இருக்கிறார். பல முறை போய்வந்த அவர்தான் கன்னிசாமிகளுக்கு எந்த ஏற்றத்தில் எங்கே உட்கார வேண்டும், இருமுடியை எப்படிச் சுமக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் போகும் பெருவழியில் அனுபவம் இல்லாதவரைத் தனியே விடுவதில்லை. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் யாத்திரை அமைந்திருப்பதால் பருவத் தேர்வும் விரதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

ஆனால் இந்த முறையில் ஒரு வெற்றிடம் உண்டு. விரதம் உள்ளங்காலையும் மனத்தையும் ஆயத்தம் செய்தது. இதயத்தையும் தொடையையும் அந்த அளவுக்குச் செய்யவில்லை. பம்பை வரை வண்டிப் பாதை வந்தபின், ஆண்டு முழுதும் நாற்காலியில் இருந்தவரும் ஒரே மூச்சில் நீலிமலையும் அப்பாச்சிமேடும் ஏற நேர்ந்தது. அவ்வழியில் இதய முதலுதவி மையங்கள் தேவைப்பட்டன. சில நாள் முன்பிருந்தே நடந்து பழகி வரும்படி கேரள நலவாழ்வுத் துறை பக்தர்களைக் கேட்டுக்கொள்கிறது. தென்காசிக்காரர்களுக்கு இதற்கான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பண்பொழித் திருமலைக் குமாரசாமி கோயில் படிகளை வாரம் சில முறை ஏறி இறங்கினால் போதும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முன்தொடைத் தசை அதிகம் நோகும். ஆகவே இறக்கத்தையும் பயிற்சியாகக் கொள்ள வேண்டும். பொதிகையின் உயரத்தில் காற்று மெலிவதால் வரும் நோய் பொதுவாகத் தாக்காது. இமயத்தில் ஏறுவோர் அதற்கென்றே நாள்கணக்கில் தங்கிப் பழகுகிறார்கள். இங்கே அந்த நாள்களைக் கால்களுக்கும் பருவக் கவனிப்புக்கும் கொடுக்கலாம்.

1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறிய பின், 1954இல் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தோன்றியது. மலையேற்றம் பாடத்திட்டமாக ஆனது அப்படித்தான். அந்தப் பாடம் பனிக்கும் கயிற்றுக்கும் உரியது. தெற்கின் ஈரக்காட்டுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. தெற்கு மலைகளின் பாடத்தை ஓர் அறிவியல் பயணம் தற்செயலாகத் தொட்டது. 1987இல் அகத்தியர் மலைக் காட்டில் புஷ்பாங்கதன், ராஜசேகரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் களைத்துப்போன வேளையில், உடன் வந்த காணிக்காரர்கள் ஒரு செடியின் காயைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை. பாலோட்டு வெப்பமண்டலத் தாவர ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையில் பாதியைக் காணிக்காரருக்கு அளிக்க முன்வந்தது. அதற்கென 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. உலகம் இதை நன்மைப் பகிர்வின் முன்மாதிரியாகப் பேசுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது, காயைப் பெற்றுக்கொண்ட அறிவியல் அந்த நடையைப் பெற்றுக்கொள்ளவில்லை என்பது. எந்த வேகத்தில் நடப்பது, எங்கே நிற்பது, வானம் எப்படி இருந்தால் திரும்புவது என்பவை மருந்துக் குப்பிக்குள் அடங்குபவை அல்ல.

1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவானது. காட்டைக் காப்பதற்கான கட்டுப்பாடுகளோடு பருவமும் அரசின் நாட்காட்டிக்குள் வந்தது. கேரளத்தின் போணக்காட்டிலிருந்து அகத்தியர்கூடம் செல்லும் மூன்று நாள் பயணம் மகரவிளக்கை ஒட்டித் தொடங்கிச் சிவராத்திரியை ஒட்டி முடிகிறது. வடகிழக்கு மழை வடிந்து, புல் இன்னும் முழுதாய்க் காயாத இடைவெளி அது. மரபு தேர்ந்த அதே காலத்தைத்தான் வனத்துறையும் தேர்ந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கிய கேரள உயர் நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு 2019 முதல் பெண்களும் உச்சி வரை போகிறார்கள்.

அதே 2018இன் மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இளைஞர்கள், நடக்கத் தெம்புள்ளவர்கள். தவறாக அமைந்தது மாதம். அதன்பின் தமிழக அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டம் 40 தடங்களை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. குற்றாலத்தின் செண்பகாதேவி அருவித் தடமும் அவற்றுள் ஒன்று. தீப் பருவத்தில் தடங்கள் மூடப்படுகின்றன. உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாகப் போகிறார்கள். இந்த ஏற்பாட்டை மனமார வரவேற்கிறேன். ஆனாலும், தடம் திறந்திருக்கிறது என்ற செய்தியோடு ஏறுகிறவரின் பருவக் கல்வி முடிந்துவிடுகிறது. ஏன் திறந்திருக்கிறது என்று அவர் கேட்க வேண்டியதில்லை.

பருவத்தைப் படிக்கத் தெரியாமையின் விலை என்ன என்பதை, அத்திட்டம் தொடங்கும் முன்பே, 2024 மே 17 காட்டியிருந்தது. அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மேலே மலையில் பெய்தது கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அருவி நீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, ஓசை கனப்பது ஆகிய குறிகளை மலையில் பிறந்தவர்கள் நொடியில் படிப்பார்கள். தடங்களில் வழிகாட்டிகளாக இருக்கும் அவர்கள் வாயிலிருந்து இந்தக் குறிகளை மாதவாரியாக எழுதி வாங்கி, பதிவு செய்கிற ஒவ்வொருவருக்கும் மருத்துவச் சான்று கேட்பதைப் போலவே கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும். பிரவுன் மலைமுடியில் கருவிகளை நட்டு ஏறக்குறைய நூற்று எழுபது ஆண்டுகள் ஆகின்றன. குற்றால அருவிகளின் நீர்ப்பிடிப்பு முகடுகளில் மழைமானிகளை நிறுவி, அவற்றின் அளவைச் செண்பகாதேவி வழிகாட்டிக்கும் பழைய குற்றாலக் காவலருக்கும் அந்த நிமிடமே தெரிவிப்பது இன்றைய தொழில்நுட்பத்துக்குக் கடினமான வேலை அல்ல.