குறைமாதக் குழந்தைகளின் மூளைநீர்த் தேக்கமும் ஷன்ட் சிகிச்சையும்

மூளையின் உட்புற அறைகளில் நீர் அளவுக்கு மீறிச் சேர்வதே மூளைநீர்த் தேக்கம் ஆகும். மருத்துவர்கள் இதனை ஹைட்ரோகெபாலஸ் என்பர். தேங்கிய நீரை மெல்லிய குழாய் வழியே உடலின் வேறோர் இடத்திற்கு வடியச் செய்யும் அமைப்பு ஷன்ட் எனப்படும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பலரை இச்சிகிச்சை காப்பாற்றி வருகிறது. ஆயினும் இது ஒருமுறை செய்து முடித்துவிடும் சிகிச்சை அன்று; பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கவனிக்க வேண்டிய ஒன்றாகும்.

நோய் உண்டாகும் விதம்

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்களிடம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் சுரந்து, அதே அளவு இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஓட்டம் தடைப்பட்டாலும் சுரப்பு நிற்பதில்லை. அதனால் நீர் தேங்கி மூளையை அழுத்துகிறது.

கருவில் வளரும் குழந்தையின் மூளை அறைகளின் ஓரத்தில் மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு படலம் உண்டு. கருவுற்ற 32 முதல் 34 வாரங்களுக்குள் இது பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்கு முன்பே குழந்தை பிறந்தால், மூச்சுத் திணறலாலும் இரத்த அழுத்த மாற்றங்களாலும் இக்குழாய்கள் உடைந்து மூளை அறைகளுக்குள் இரத்தம் கசியலாம். உறைந்த இரத்தம் நீர் செல்லும் வழியை அடைத்துக்கொள்கிறது. இந்தக் கசிவை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறையை 1978இல் அமெரிக்க மருத்துவர் லூ ஆன் பாப்பைல் குழுவினர் வகுத்தனர். முதல் இரு நிலைகளில் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுவர். அடுத்த இரு நிலைகளில் நீர்த்தேக்கத்திற்கான வாய்ப்பு மிகுதி.

தந்தையர் இருவர்

தலைக்குள் இருந்து நீரை வடிக்கும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடந்தன. குழாய் வைப்பதைவிட, நீர் ஒரே திசையில், அளவோடு வடியச் செய்வதுதான் கடினமாக இருந்தது. அமெரிக்காவில் பூட்டுத் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஜான் ஹோல்ட்டர் என்பவரின் மகன் கேசி, 1955இல் முதுகுத்தண்டுக் குறையுடனும் மூளைநீர்த் தேக்கத்துடனும் பிறந்தான். பிலடெல்பியாவில் அவனுக்குச் சிகிச்சை அளித்த யூஜின் ஸ்பிட்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து, ஹோல்ட்டர் சிலிகோன் வால்வு ஒன்றை உருவாக்கினார். 1956இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

எழுத்தாளர் ரோல்ட் டாலின் மகன் தியோ, 1960இல் நியூயார்க்கில் நடந்த விபத்தால் இதே நோய்க்கு ஆளானான். அவனுக்கு வைத்த வால்வு அடிக்கடி அடைத்துக்கொண்டது. பொறியாளர் ஸ்டான்லி வேட், மருத்துவர் கென்னத் டில் ஆகியோருடன் டால் இணைந்து, எளிதில் அடைக்காத வால்வு ஒன்றை 1962இல் உருவாக்கினார். அது தயாரானபோது தியோவுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் பிற குழந்தைகள் பலருக்குப் பயன்பட்டது.

முதலில் குழாயின் நுனி இதயத்தில் வைக்கப்பட்டது. குழந்தை வளரும்போது அந்த நுனி மேலே இழுக்கப்பட்டுவிடும் என்பதால், பின்னர் வயிற்றறைக்குக் கொண்டுசெல்லும் முறை வழக்கமாயிற்று. வயிற்றில் கூடுதல் நீளக் குழாயைச் சுருட்டி விடலாம். குழந்தை உயரும்போது அது தானே நீண்டுகொடுக்கும்.

இந்தியாவில் வளர்ச்சி

இந்தியாவின் முதல் மூளை அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். 1950இல் டாக்டர் பா. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இத்துறையை நிறுவினார். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இச்சிகிச்சை எட்டியதற்கு இவ்விரண்டு துறைகளும் அடித்தளமாயின.

அடுத்த தடை விலை. வெளிநாட்டு வால்வுகளை வாங்க ஏழைக் குடும்பங்களால் இயலவில்லை. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் குழந்தைகள் அறுவை மருத்துவர் பி. உபாத்யாயா, இந்தியாவில் செய்யப்பட்ட வால்வைப் பயன்படுத்திப் பெற்ற முடிவுகளை 1982இல் வெளியிட்டார். உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட் நாடெங்கும் பரவியது. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் இதனையும் வெளிநாட்டு ஷன்ட் ஒன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளியானது. அப்போது சாப்ரா ஷன்டின் விலை சுமார் 35 டாலராகவும், மற்றதன் விலை சுமார் 650 டாலராகவும் இருந்தது. ஓராண்டு முடிவில் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

தென் சென்னைப் புறநகர்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு 1931 முதல் ஓடும் புறநகர் மின்ரயிலே மருத்துவத்திற்கான வழியுமாகும். எழும்பூரில் இறங்கினால் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை; பூங்கா நிலையத்தில் இறங்கினால் அரசுப் பொது மருத்துவமனை. எதிர்த்திசையில் சென்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சாலை வழியே தரமணியை அடைந்தால் வி.எச்.எஸ். மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவை சிகிச்சை மையம் உள்ளது. 2012 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூளை, நரம்பு அறுவை சிகிச்சைகளும் இடம்பெறுகின்றன. ஆகவே முதல் அறுவை சிகிச்சைக்கான வழி முன்பைவிட எளிதாகியுள்ளது. அதற்குப் பிந்தைய ஆண்டுகள்தாம் கடினமானவை.

நீண்ட காலக் கவனிப்பு

மிகச் சிறிய குழந்தைக்கு உடனே ஷன்ட் வைப்பதில்லை. எடை ஏறத்தாழ 2 கிலோவை எட்டும் வரை, தலைத்தோலின் அடியில் சிறு நீர்ச்சேமிப்பானைப் பொருத்தி ஊசியால் நீரை எடுப்பர். இவ்வகைச் சேமிப்பானை 1963இல் அறிமுகப்படுத்தியவர், பாகிஸ்தானில் பிறந்த மருத்துவர் அயூப் ஒம்மாயா.

ஷன்ட் வைத்த பின்பும் அடைப்பு, தொற்று, குழாய் விலகல் ஆகியவை நேரலாம். 344 குழந்தைகளிடம் மூன்று வகை வால்வுகளை ஒப்பிட்டு 1998இல் வெளியான ஆய்வில், வால்வு எதுவாயினும் ஏறத்தாழ பத்தில் நான்கு ஷன்ட்கள் முதல் ஆண்டிலேயே பழுதாயின. இது பெற்றோரின் தவறு அன்று, சிகிச்சையின் இயல்பு. தொற்று பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் வருகிறது. அடைப்போ பல ஆண்டுகளுக்குப் பின்னும் வரலாம்.

கைக்குழந்தையிடம் உச்சிக்குழி புடைத்தல், தலைச்சுற்றளவு வேகமாகக் கூடுதல், கண்கள் கீழ்நோக்கியே இருத்தல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவை எச்சரிக்கைகள். வளர்ந்த பிள்ளையிடம் காலைத் தலைவலி, வாந்தி, வழக்கத்தை மீறிய தூக்கம், பார்வை மங்கல், படிப்பில் திடீர்ப் பின்னடைவு ஆகியவை தோன்றலாம். காய்ச்சலுடன் குழாய் செல்லும் பாதை சிவந்தால் தொற்று எனச் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் எது தோன்றினாலும் 'நாளை பார்க்கலாம்' என்று இருக்கலாகாது. ஓர் இரவுக்குள் உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்து நேரலாம்.

எனவே ஷன்டின் வகை, வைத்த நாள், கடைசி ஸ்கேன் படங்கள், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருப்பது நல்லது. பள்ளியில் சேர்க்கும்போது வகுப்பாசிரியரிடம் செய்தியைச் சொல்லிவைக்க வேண்டும். மயங்கிக் கிடக்கும் மாணவரைச் சோம்பேறி என எண்ணிக் கண்டிப்பதும், உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதும் அந்த ஒரு செய்தியைப் பொறுத்தது. இக்குழந்தைகளுள் பலர் இயல்பான பள்ளியிலேயே படிக்கின்றனர். சிலருக்கு நடை, பார்வை, கற்றல் ஆகியவற்றில் கூடுதல் பயிற்சி தேவைப்படும்.

மகனுக்காக வால்வு செய்த தந்தையின் உழைப்பும், அதனை மலிவாக்கிய இந்திய மருத்துவர்களின் முயற்சியும் குழந்தையை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கின்றன. அதன் பின் வாழ்நாள் நெடுக அந்தக் குழாயைக் காப்பது, வீட்டிலும் வகுப்பறையிலும் அக்குழந்தையைக் கவனித்துப் பார்க்கும் கண்களே.